ஆறு எண்ணுற வரைக்கும்

எனக்கு வாய் நீளம்னு எங்க வூட்டுக்காரரு காஸ்பர் ஊரெல்லாம் சொல்லிக்கினு திரிவாரு. சொல்லட்டும். ஆனா மெஹபூப் அலி வூட்ல அன்னிக்கு நடந்ததை அவருகிட்டகூட நான் முழுசா சொன்னதில்லை. சொல்ல வந்தா பாதியில வேற பேச்சுக்குத் தாவிடுவேன்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னாடி எங்க சந்து. பள்ளிவாசலுக்கு மூணாவது வூடு அவங்களுது, எதிர் வூடு எங்களுது. நான் மர்சலின். சாந்தோம் கோயில் பங்கு, மடத்துல தையல் வேலை. அவரு பொஞ்சாதி ஷம்ஷாத் கோஷா, வேத்து ஆம்பளைங்க கண்ணுல படக் கூடாது. பகல்ல சந்துல எறங்க மாட்டா. அவளுக்குக் கடைக்குப் போறது, கிணத்தடி வம்பு கொண்டு வர்றது எல்லாம் நான்தான்.

மெஹபூப் அலி மவுண்ட் ரோட்ல ஒரு கடையில படம் புடிக்கிறவரு. முப்பத்துநாலாம் வருஷம் சித்திரையில கோபாலபுரத்து பங்களா ஒண்ணுல கல்யாணம். கூடம் இருட்டா கீதுன்னு தட்டுல மருந்துப் பொடியைக் கொட்டிப் பத்த வெச்சிருக்காரு. பளிச்சுன்னு எரிஞ்சு அடங்க வேண்டிய பொடி, தட்டோட வெடிச்சு மூஞ்சிலயே அடிச்சிடுச்சு. கருகின புருவம் ரெண்டே மாசத்துல மொளைச்சுது. கண்ணு வரலை.

எழும்பூர் கண்ணாஸ்பத்திரி டாக்டர் ஒரே ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினாரு. "வெளிச்சம் தெரியுதான்னு பாத்துக்கினே இருங்க. அது தெரியற வரைக்கும் நம்பிக்கை உண்டு." அந்த ஒத்தை வார்த்தையைப் புடிச்சுக்கினு அந்த வூடே தொங்கிக்கினு இருந்துச்சு. தினம் வெளக்கு வெக்கிற நேரம் அவங்க பொண்ணு ஜஹனாரா, ஒம்பது வயசு, சிம்னி வெளக்கை எடுத்துக்கினு அவரு முன்னாடி குந்திக்கும். மூஞ்சிக்குக் கிட்ட காட்டி இந்தாண்ட அந்தாண்ட நகத்தும்.

"பாவா, இப்ப எங்க கீது?"

அப்பாவை அது பாவான்னுதான் கூப்பிடும். அவரு கையை நீட்டுவாரு. "இதோ, எடது பக்கம். பனியில தெரியற மாதிரி மஞ்சளா கீதும்மா."

ஒரு நாளும் தப்பினதில்லை. ஜஹனாரா கையைத் தட்டிக்கினு ஓடி வந்து எங்கிட்ட சொல்லும், "மர்சலினத்தை, பாவாக்கு வருது!" நானும் ஆரோக்கியமாதாவுக்கு ஒரு மெழுகுவத்தி நேந்துக்கினேன்.

ஆடி போச்சு, ஆவணி போச்சு. கடையில வேற ஆளைப் போட்டுட்டாங்க. நொய்க் கஞ்சியும் வெங்காயமுமா ஓடிச்சு. நான் "கொழம்பு மிஞ்சிப் போச்சுடி"ன்னு பொய் சொல்லி மீன் கொழம்பு எடுத்துக்கினு போவேன். ஷம்ஷாத் வாங்கி வெச்சுட்டு, "உங்க வூட்ல மட்டும் தெனம் எப்படிக்கா மிஞ்சுது?"ன்னு கேப்பா. கேட்டுட்டு சிரிக்கப் பாப்பா, வராது.

ஐப்பசி பொறந்து ஒரு புதன்கிழமை அவரோட அக்கா ஜஹீதா ஆம்பூருலருந்து வந்து எறங்கினா. கெட்டவ இல்லை. வாய் கொஞ்சம் கறார், என்னை மாதிரி. வந்ததும் அடுப்பைப் பாத்தா, அரிசிப் பானையைத் தொறந்து பாத்தா, ஜஹனாராவோட முழங்கையைத் தொட்டுப் பாத்தா. அப்புறம் தம்பி முன்னாடி உக்காந்தா.

"டேய் மெஹபூபு. புள்ளைய நான் இட்டுக்கினு போறேன்."

"ஆப்பா, கண்ணு வந்துக்கினு கீது..." அக்காவை அந்த வூட்ல ஆப்பான்னுதான் கூப்பிடுவாங்க.

"ஆறு மாசமா வந்துக்கினே கீது. புள்ளைக்குக் கையில எலும்புதான் கீது. எங்க வூட்ல சோறு கீது, நாலு புள்ளைங்களோட ஒண்ணா வளரும். வெள்ளிக்கிழமை ரயிலு. அழுவறதுன்னா இப்பவே அழுதுக்கோங்க."

ஷம்ஷாத் அழுவலை. உள்ள போயி அவரோட பழைய போட்டோப் பொட்டியைத் தூக்கிக்கினு வந்து நடுக் கூடத்துல வெச்சா. கடையில கழிச்சுப் போட்டதுன்னு அவரு எப்பவோ வாங்கினது அது. மூணு காலு மேல நிக்கிற மரப் பொட்டி, துணியில மடிப்பு மடிப்பா மூக்கு.

"ஆப்பா, எனக்கு இந்த வேலை தெரியும். அவரு சொல்லச் சொல்ல ரெண்டு மாசமா கத்துக்கினு கீறேன். நாளைக்கு ஹாஜிரா பீ அவங்க பொண்ணை இட்டுக்கினு வர்றாங்க. அந்தப் படம் நல்லா வந்துச்சுன்னா புள்ளை இங்கயே இருக்கட்டும். வரலைன்னா நானே டிரங்கைக் கட்டிக் குடுக்கிறேன்."

ஹாஜிரா பீ யாருன்னு சொல்லணுமே. திருவல்லிக்கேணியில தோல் மண்டிக்காரரு வூட்டம்மா. அவங்க பொண்ணு அஃப்சருன்னிசாவுக்கு ரங்கூன்ல மாப்பிள்ளை. பொண்ணு படம் வேணும்னு காயிதம் போட்டிருக்காங்க. சனிக்கிழமை கப்பல்ல ஒரு சொந்தக்காரரு போறாரு, அவரு கையில குடுத்தனுப்பணும். ஆனா ஆம்பளை முன்னாடி பொண்ணு முக்காட்டை எடுக்காது. பட்டணத்துல எத்தனை ஸ்டுடியோ இருந்தாலும் பொட்டிக்குப் பின்னாடி நிக்கிறது ஆம்பளைதானே? படம் புடிக்கிற பொம்பளை ஒருத்தி இருக்கான்னு நான்தான் மடத்துல ஊதி விட்டேன், அது அங்க போயி சேந்துச்சு. அந்தம்மா ஒருத்தங்க நல்லா கீதுன்னு சொல்லிட்டா, கல்யாண வயசுல பொண்ணு வெச்சிக்கினு கீற கோஷா வூடு அத்தனையும் இங்க வந்து நிக்கும். தூன்னு சொல்லிட்டா அத்தோட சரி.

ஜஹீதா பொட்டியையும் தம்பியையும் மாத்தி மாத்திப் பாத்தா. "நாளைக்கு ஒரு நாளுதானே. பாப்பம்"ன்னா.

அன்னிக்குச் சாயங்காலம் வரைக்கும் ஒரே ஆராய்ச்சி. எங்க உக்கார வெக்கிறது, எந்த வெளிச்சம், பின்னாடி இன்னா துணி கட்றது. கடையில இருந்த மாதிரி தூணும் படிக்கட்டும் எழுதின சீலைக்கு நாம எங்க போறது? கண்ணாடிக் கூரைக்கு எங்க போறது? சந்துல கரண்டு கம்பியே வரலை.

"எங்க வூட்டுக்காரரை விட்டு ரெண்டு பெட்ரோமாக்ஸ் எடுத்தாரச் சொல்லட்டா?"ன்னேன்.

"வோணாம் மர்சலினு"ன்னாரு மெஹபூப் அலி. "நம்மகிட்ட கீற, படம் விழற கண்ணாடிப் பிளேட்டுக்கு மஞ்சள் வெளிச்சம் அரைக்கண்ணாத்தான் தெரியும். வானத்து வெளிச்சம்தான் அதுக்குச் சோறு. மேல தொறந்து கெடக்கிற முத்தத்துல வெச்சிக்கலாம்."

"முத்தத்துலயா?" ஷம்ஷாத் மேல பாத்தா. "வக்கீலு மாடி கட்டிட்டாரே. ஜன்னல்லருந்து எட்டிப் பாத்தா நம்ம அம்மிக்கல்லு வரைக்கும் தெரியுது."

அது நெசம். பக்கத்து வக்கீல் வூட்டு மாடியில எந்நேரமும் ரெண்டு குமாஸ்தா பல்லு குத்திக்கினு நிப்பானுங்க. ஹாஜிரா பீ அந்த முத்தத்துல பொண்ணை உக்கார வெப்பாங்களா? வெளிச்சம் வேணும்னா தொறந்து கெடக்கணும், கோஷா வேணும்னா மூடிக் கெடக்கணும். ரெண்டும் ஒரே எடத்துல எப்படி நடக்கும்? எல்லாரும் அந்த மாடியையே பாத்துக்கினு நின்னோம். ஜஹனாரா மட்டும் அவரு முழங்கால்ல சாஞ்சுக்கினு, வரப்போற தண்டனையை எண்ணிக்கினு இருக்கிற மாதிரி வெரலை மடக்கிக்கினு இருந்துச்சு.

கடைசியில அவருதான் கேட்டாரு. "மல்லுத் துணி கீதா? மெல்லிசா, வெள்ளையா?"

"என் கல்யாணத் துப்பட்டிங்க ரெண்டு கீது."

"அதை முத்தத்துக்கு மேல பந்தல் மாதிரி இழுத்துக் கட்டு. மாடியிலருந்து பாத்தா துணிதான் தெரியும். வெளிச்சம் வடிகட்டி எறங்கும். பெரிய ஸ்டுடியோவுலயே கண்ணாடிக்குக் கீழ அதைத்தான் கட்றான். மூஞ்சில கறுப்பு நிழலே விழாது."

ஷம்ஷாத் அவரையே பாத்துக்கினு இருந்தா. மறைக்கிறதுதான் வெளிச்சமும் குடுக்கும்னா, அவளுக்கு அந்த நிமிஷம் அல்லாவே எறங்கி வந்த மாதிரி ஆயிடுச்சு. வெகு நாள் கழிச்சு அன்னிக்குத்தான் அவ சிரிச்சுப் பாத்தேன்.

அடுத்தது பின் சீலை. ஷம்ஷாத் சிவப்புப் பட்டு விரிப்பைக் கொண்டாந்தா.

"இன்னா கலரு?"

"சிவப்பு."

"கிணறு மாதிரி கறுப்பா வரும். பொண்ணோட தலைமயிரு அதுலயே முழுகிடும். வேற?"

"நீலம் ஒண்ணு கீது."

"வெளுத்துப் போயி வேட்டி மாதிரி வரும். வேற?"

கண்ணு தெரியாத மனுஷன் கலரு கலரா தள்ளிக்கினே வர்றாரு, கண்ணு கீற நாங்க முழிக்கிறோம். கடைசியில அரிசி மண்டியிலருந்து நாலு கோணிச் சாக்கை நான் எடுத்துக்கினு வந்து பிரிச்சு ஒண்ணாத் தெச்சேன். சுண்ணாம்பும் அடுப்புக் கரியும் வஜ்ரப் பசையில கொழைச்சு ஷம்ஷாத் பூசினா. புறா முதுகு மாதிரி ஒரு சாம்பல் நெறம். அவரு வெரலால தடவிப் பாத்து, "ஓரத்துல இன்னும் கொஞ்சம் கரி போடு, நடுவுல மூஞ்சி எழும்பி நிக்கும்"ன்னாரு. அழகுன்னா அப்படி ஒரு அழகு. அரிசிச் சாக்குன்னு சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க.

பிளேட்டு ரெண்டே ரெண்டுதான் மிச்சம். வானம் மோடம் போட்டுக்கினு இருந்ததால உச்சி வேளையில எடுக்கறதுன்னு அவரே கணக்குப் போட்டாரு. "பொட்டி மூக்கு மேல கீற மூடியை எடுத்து எட்டு எண்ணு. அவசரப்படாம எண்ணு. பொண்ணு அசையக் கூடாது, நீயும் பொட்டியை அசைக்கக் கூடாது."

வியாழக்கிழமை. திரை போட்ட வண்டியில ஹாஜிரா பீ வந்தாங்க. பொண்ணு பதினாறு வயசு, பயத்துல கை ஜில்லுன்னு இருந்துச்சு. வந்ததும் அந்தம்மா கேட்ட மொதக் கேள்வி, "வூட்டு ஆம்பளை எங்க?"

"உள் ரூம்ல, திரைக்குப் பின்னாடி கீறாரு"ன்னா ஷம்ஷாத். "அவரு கிட்ட இருந்தா எனக்குக் கொஞ்சம் தைரியமா இருக்கும். அவருக்குக் கண்ணு தெரியாதும்மா..."

"அவருக்குத் தெரியாது. எங்களுக்குத் தெரியுதே? கோஷா ரெண்டு பக்கமும் கீதும்மா. அவரு அங்கயே இருக்கட்டும்."

எனக்குக் கோவம் வந்துச்சு. வாயைத் தொறக்கறதுக்குள்ள ஜஹீதா என் கையைப் புடிச்சுக் கிள்ளிட்டா.

முத்தத்துல துப்பட்டிப் பந்தலுக்குக் கீழ அஃப்சருன்னிசா உக்காந்தா. பாலு ஊத்தின மாதிரி வெளிச்சம். முக்காட்டைத் தோளுக்கு எறக்கி விட்டதும் அந்த மூஞ்சி, சேசுவே, நானே அசந்து போயிட்டேன். ஷம்ஷாத் கறுப்புத் துணிக்குள்ள தலையை விட்டுப் பாத்தா, வெளிய வந்தா, பிளேட்டைச் சொருவினா. உள் ரூம்லருந்து அவரு குரலு வந்துச்சு. "பிஸ்மில்லா சொல்லிட்டு எடு."

மூடியை எடுத்தா. "ஒண்ணு... ரெண்டு... மூணு..."

மூணு வூடு தள்ளி கீற பள்ளிவாசல்லருந்து, தொழுகைக்குக் கூப்பிடுற பாங்கு கெளம்பிச்சு.

பொறந்ததுலருந்து கேட்ட சத்தம். பாங்கு கேட்டா முக்காட்டைத் தலைக்கு இழுத்துக்கணும்னு பொட்டப் புள்ளைங்களுக்கு யாரும் யோசிச்சுச் சொல்லித் தர்றதில்லை, கை தானா போவும். அஃப்சருன்னிசா கையும் தானா போச்சு. முக்காடு தலைக்கு ஏறி நெத்தி வரைக்கும் எறங்கிடுச்சு. அது மட்டுமா? ஷம்ஷாத்தோட கையும் போச்சு. மூடியை வெச்சிருந்த அதே கையால முந்தானையை இழுத்துப் போத்திக்கினு, கண்ணை மூடிக்கினு நின்னா. பொட்டி வாயைப் பொளந்துக்கினு இருந்துச்சு. ஜஹீதா, ஹாஜிரா பீ எல்லாருமே முக்காட்டோட நிக்கிறாங்க. வெறுந்தலையோட நின்னவ நான் ஒருத்திதான், எனக்கும் ஒரு எழவும் தோணலை. தினம் அஞ்சு வேளை கேக்கிற பாங்கு. உச்சி வேளைன்னு கணக்குப் போட்ட அவருக்கும் தோணலை, எங்க யாருக்கும் தோணலை.

கண்ணைத் தொறந்த பிறகுதான் ஷம்ஷாத்துக்குப் புரிஞ்சுது. "அய்யோ, என் கையே!"ன்னு அந்தக் கையை இன்னொரு கையால அடிச்சுக்கினா.

"இன்னொரு பிளேட்டு கீது. பதறாதே"ன்னாரு அவரு உள்ளருந்து.

சொல்லி வாய் மூடலை, மழை புடிச்சுக்கிச்சு. ஐப்பசி மழை, சொல்லிட்டா வரும்? துப்பட்டி நனைஞ்சு தொங்கி, பை பையா தண்ணி ரொம்பிப் பொத்துன்னு கொட்டிச்சு. சாக்குச் சீலையையும் பொட்டியையும் தூக்கிக்கினு கூடத்துக்கு ஓடினோம். கூடத்துல எருமை நின்னாலும் தெரியாத இருட்டு. மழை ஓட்டு மேல விழுந்து பேசுற பேச்சே கேக்கலை. அரை மணி பாத்தோம், ஒரு மணி பாத்தோம். விடலை.

ஹாஜிரா பீ எழுந்தாங்க. "நசீப் இல்லைம்மா, நம்ம அதிர்ஷ்டம் அவ்ளோதான். நாளைக்கு என்னால வர முடியாது, வெள்ளிக்கிழமை. படம் இல்லாமயே எழுதிப் போடுறோம்."

ஜஹீதா மூலைக்குப் போயி டிரங்கைத் தொறந்து ஜஹனாராவோட பாவாடையை மடிச்சு வெக்க ஆரம்பிச்சா. அந்தப் புள்ளை அழுவலை. திரைக்குப் பின்னாடி ஓடிப் போயி பாவாவைக் கட்டிக்கிச்சு.

அப்பத்தான் உள்ளருந்து சத்தமா அவரு சொன்னாரு. "ஷம்ஷாத். என் தொப்பிப் பொட்டிக்கு அடியில ஒரு சுருள் கீது. எடு."

அவ மூஞ்சி வெளுத்துப் போச்சு. கண்ணு போன அந்தக் கல்யாணத்துக்கு அப்புறம் வூட்ல கீற மருந்துப் பொடி எல்லாத்தையும் சாக்கடையில கொட்டிட்டு, இனிமே அந்த நெருப்பு இந்த வூட்ல எரியக் கூடாதுன்னு ஜஹனாரா தலையில அடிச்சு அவருகிட்ட சத்தியம் வாங்கினவ அவ.

"ஒளிச்சா வெச்சிருந்தீங்க?"

"பொடி வெடிக்கும். இது மக்னீசிய நாடா, வெடிக்காது. கம்பு நுனியில சுத்திப் பத்த வெச்சா நின்னு எரியும். பகலு மாதிரி வெளிச்சம். ஆறு எண்ணு போதும்."

"புள்ளை தலைமேல சத்தியம்!"

"சத்தியம் பண்ணது புள்ளைக்கோசரம். புள்ளையே போவுதே, ஷம்ஷாத்."

மழை கொட்டிக்கினே இருந்துச்சு. அவ உள்ள போயி சுருளைக் கொண்டாந்தா. வெள்ளிச் சரிகை மாதிரி ஒரு சின்ன நாடா.

"யாரு புடிக்கிறது? நான் பொட்டிகிட்ட நிக்கணும்."

"நான் புடிக்கிறேன்"ன்னேன். பெரிய வீராப்பு.

"நீ பத்த மட்டும் வெய்யி மர்சலினு"ன்னாரு. "எரியற நேரத்துல பயந்து ஆட்டிட்டா போச்சு. நான் ஆட்ட மாட்டேன். இதுக்கு மேல எரிக்க எங்கிட்ட இன்னா கீது?" அப்புறம் மரியாதையா, "ஹாஜிரா பீ அம்மா, நான் திரையைத் தாண்டி வர மாட்டேன். என் கை மட்டும் வரும்"ன்னாரு.

அந்தம்மா திரையைப் பாத்தாங்க. கண்ணு, மடிச்சு வெச்ச பாவாடை மேல போச்சு. டிரங்கு எதுக்குன்னு ஜஹீதாகிட்ட கேட்டாங்க, அவ ரெண்டே வார்த்தையில சொன்னா. ஹாஜிரா பீ திரும்பி வந்து பொண்ணைச் சீலை முன்னாடி உக்கார வெச்சாங்க. "கை மட்டும்"ன்னாங்க.

திரை ஓரத்துல கை வந்துச்சு. ரெண்டு முழக் கம்பு, நுனியில நாடா. ஒசரமா, பொண்ணுக்கு ஒரு பக்கமா, பொட்டிக்குப் படாத எடம் பாத்து நான் நகத்தி நகத்தி நிறுத்தினேன். அந்தப் பக்கம் வெள்ளைப் போர்வை ஒண்ணை ஜஹீதா விரிச்சுப் புடிச்சுக்கினா, நெழல் விழக் கூடாதுன்னு. அவளேதான் புடிச்சா, யாரும் கேக்கலை.

"நெருப்பைப் பாக்காதே கண்ணு. என் மூக்கையே பாரு"ன்னா ஷம்ஷாத் பொண்ணுகிட்ட. கடைசிப் பிளேட்டைச் சொருவினா. இருட்டுல மூடியை எடுத்தா. எனக்குத் தலையை ஆட்டினா.

சிம்னி வெளக்கு நெருப்பை நாடாவுல காட்டினேன். ரெண்டு மூணு நொடி புடிக்கலை. அப்புறம் புடிச்சுது.

அதை இன்னான்னு சொல்ல? கூடமே வெள்ளையாப் போச்சு. ஓட்டு எடுக்குல கீற ஒட்டடை வரைக்கும் தெரிஞ்சுது. ஹாஜிரா பீ "யா அல்லா"ன்னு மூஞ்சியை மூடிக்கினாங்க. திரை பூரா வெள்ளையா பத்திக்கின மாதிரி ஆயி, அதுல அந்தக் கையோட நெழலு நீளமா விழுந்துச்சு.

"ஒண்ணு"ன்னா ஷம்ஷாத். "ரெண்டு..."

திரைக்குப் பின்னாடி, அவரு குரலு. மழைச் சத்தத்துல கொஞ்சம் ஒசத்தியே கேட்டாரு.

"இன்னா மர்சலினு, புடிக்கலையா? நாடா நமத்துப் போச்சா?"

நான் எரியற நாடாவைப் பாத்தேன்.

"மூணு..."

"பாவா." ஜஹனாரா குரலு. "எரியுதே பாவா. பகலாட்டம் எரியுதே. தெரியலையா?"

அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுது. அந்தச் சிம்னி வெளக்கு, ஆறு மாசம், எடது பக்கம் வலது பக்கம். மூஞ்சியில பட்ட சூட்டை வெச்சு, புள்ளை மனசு ஒடஞ்சிடக் கூடாதேன்னு கை காட்டிக்கினு இருந்திருக்காரு. இந்தக் கம்பு ரெண்டு முழம் தள்ளி. சூடு எட்டலை.

நான் ஷம்ஷாத்தைப் பாத்தேன். அவளுக்கும் கேட்டுடுச்சு. மூஞ்சியில அத்தனையும் தெரிஞ்சுது, அந்த வெளிச்சத்துல எதை மறைக்க முடியும்? ஒதடு கோணிக்கினு போவுது, கண்ணுலருந்து தண்ணி பொலபொலன்னு எறங்குது. ஆனா கை அசையலை. பொட்டி அசையலை. அஃப்சருன்னிசா அவ மூக்கையே பாத்துக்கினு இருந்தா.

"நாலு... அஞ்சு..."

கம்பும் அசையலை. அந்தக் கை கல்லாட்டம் நின்னுச்சு.

"ஆறு."

மூடியைப் போட்டா. அழுத்திப் போட்டா. நாடா எரிஞ்சு சாம்பலா உதுந்து இருட்டு வந்தப்புறம்தான் பொட்டி காலைப் புடிச்சுக்கினு அப்படியே தரையில உக்காந்து, வாயில முந்தானையை வெச்சு அடைச்சுக்கினு அழுதா.

அன்னிக்குச் சாயங்காலமே சமையக்கட்டுல சிவப்புத் துணி கட்டின வெளக்கு வெச்சு அவளே பிளேட்டைக் கழுவினா. படம் வந்துச்சு. கண் இமை மயிரு ஒண்ணொண்ணா வந்துச்சு. ஜஹீதா அதைக் கையில வாங்கிப் பாத்துட்டு, டிரங்கைத் தொறந்து பாவாடையை எடுத்துத் திரும்பக் கொடியில போட்டா. அதுக்கப்புறம் அந்தச் சந்துல திரை போட்ட வண்டி வராத வாரம் இல்லை. அதெல்லாம் நல்லாத்தான் நடந்துச்சு.

எனக்கு மட்டும் கண்ணுலயே நிக்கிறது அந்தக் கைதான். நாடா அணைஞ்சு வெகு நேரம் ஆயும், ஷம்ஷாத் அழுவுறா, புள்ளை அழுவுது, அந்தக் கை மட்டும் திரைக்கு வெளிய கரிஞ்ச கம்பை நீட்டிப் புடிச்சுக்கினே இருந்துச்சு. அணைஞ்சிடுச்சுன்னு அவருக்கு யாராவது சொல்லணும். எங்க யாருக்கும் வாய் வரலை.